பஸ்சை விட்டு இறங்காதவர்கள்

போடியிலிருந்து மலையேறி வரும் காலை பஸ்சு உச்சியிலிருக்கும் போடிமெட்டை எட்டும்போது அதன் முகத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அதற்கு மேலும் ஓட்டினால் இன்ஜின் தாங்காது. டிரைவர் சீனிச்சாமி வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார். சாக்குத் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டு, ஆவி அடங்கும்வரை தள்ளி நின்று ஒரு பீடி பிடிப்பார். பிறகு தகர டின்னில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். எல்லாம் முடிய இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷத்தை நம்பித்தான் வெள்ளைத்துரையும் அவன் மனைவி சுருளியம்மாளும் மெட்டில் டீக்கடை வைத்திருந்தார்கள்.

ஆறு வருஷமாக மெட்டில் அது ஒன்றுதான் கடை. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு இறங்குகிறவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. டீ நன்றாக இருந்தாலும் அங்கேதான் குடிக்க வேண்டும், கழுதை மூத்திரமாக இருந்தாலும் அங்கேதான் குடிக்க வேண்டும். ஆனாலும் வெள்ளைத்துரை அதைச் சாக்காக வைத்து டீயில் கை குறைத்தவன் அல்ல. சொந்தப் பசுவின் பால். தேயிலையை அவனே மோந்து பார்த்துத்தான் வாங்குவான். கிளாசைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடியும் என்கிற அளவுக்குச் சூடு இருக்கும். "மெட்டுக் காத்துக்கு நாக்கு பொத்துப் போகணும். அதான் டீ" என்பான். தேவிகுளம் பக்கத்திலிருந்து ஜீப்பில் வருகிற மலையாளத்துக்காரர்கள்கூட, "வெள்ளைத்துரைச் சேட்டன்ற சாயா" என்று பெயர் சொல்லிக் கேட்டுக் குடித்தார்கள்.

கேரளம் தனி மாநிலமான மறு வருஷம் ஆவணி மாதம், ஏலக்காய் எடுப்பு ஆரம்பித்த சமயத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ராக்கையா கடை போட்டான். அவன் பஸ்சில் கிளீனராக இருந்தவன். நாலு மூங்கில், மேலே தகரம், ஒரு பாய்லர், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. ஆனால் வாய் மட்டும் பத்துக் கடைக்கு இருந்தது. பஸ்சு நிற்பதற்குள் ஓடி வந்து, "வாங்க மாப்ளே, வாங்கண்ணே, வாங்க மாமா" என்று படியிலேயே ஆளைப் பிடித்து விடுவான்.

முதல் வாரம் நாலைந்து பேர் அந்தப் பக்கம் போனார்கள். வெள்ளைத்துரை சிரித்தான். "புதுக்கடை. ஒரு தடவை பாக்கட்டும். குடிச்சுட்டுத் துப்பிட்டு இங்கதான் வருவாக." இரண்டாவது வாரம் பத்துப் பேர். புரட்டாசி பிறக்கும்போது பஸ்சில் இறங்குகிறவர்களில் பாதிக்குப் பாதி எதிர்ப் பக்கம் நின்றது. இப்போது வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. கிளாசை நீட்டும்போதெல்லாம் ஒவ்வொருத்தரிடமும் கேட்க ஆரம்பித்தான்.

"டீ எப்பிடிண்ணே?"

"ஏ ஒன்!"

"மாமா, டீ சரியா இருக்கா?"

"ஒன் டீக்கு என்னப்பா கொறச்சல்!"

ஒருத்தர் பாக்கியில்லாமல் அப்படித்தான் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஆள்களில் சிலர் அடுத்த தடவை எதிர்க் கடையில் நின்று கொண்டு, இவன் பார்த்ததும் முகத்தைத் திருப்பி மலையை ரசித்தார்கள். வெள்ளைத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுருளியம்மாள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கிளாஸ் கழுவுவது அவள் வேலை. கழுவுமுன் கிளாசில் மிஞ்சியதைப் பசுவுக்கான கழனி வாளியில் கவிழ்ப்பாள். ஒரு நாள் அந்த வாளியைத் தூக்கும்போது கை இழுத்தது. ஆள் பாதியாகிவிட்டது, வாளி எப்படிக் கனக்கும்? மறுநாள் டீ மிச்சத்தை மட்டும் தனியாக ஒரு சட்டியில் ஊற்றி, உழக்கு வைத்து அளந்து பார்த்தாள். காலை பஸ்சு ஒன்றுக்கு மட்டும் மூன்று உழக்கு. மறுநாளும் மூன்று. அதற்கடுத்த நாள் மூன்றரை.

அன்று மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"மாமா, நம்ம டீயை யாரும் முழுசாக் குடிக்கல."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. கழனி வாளி சொல்லுது. மூணு நாளா அளந்தேன். முன்னெல்லாம் அத்தனை கூட்டத்துக்கும் ஒரு உழக்கு மிஞ்சாது."

வெள்ளைத்துரை பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான். "நூறு பேரு வாயால நல்லாருக்குன்னு சொல்றாக. நீ மாட்டுக்கு ஊத்துற வாளியில என் டீயை அளந்து பாக்குறியா?"

"வாயால ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா நல்லால்லைன்னு சொல்லுவாகளா? நீங்க சொல்வீகளா?"

"அப்ப ஒன் மாடு வந்து சொல்லட்டும். அதுகிட்டயே கேட்டுக்க."

அதோடு பேச்சை முறித்துக்கொண்டான். இரண்டு நாள் அவளிடம் நேராகப் பேசவில்லை. பால் வேண்டுமானால் வடை தின்றுகொண்டிருக்கும் ஆளிடம், "அண்ணே, உள்ள பால் கொண்டாரச் சொல்லுங்க" என்பான். அந்த ஆள் வாயில் வடையோடு சுருளியம்மாளைப் பார்ப்பார். அவள் பாலைக் கொண்டுவந்து, "அண்ணே, சீனி தீரப்போகுதுன்னு சொல்லுங்க" என்பாள். வருகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

அந்த இரண்டு நாளும் அவள் கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. முன்பெல்லாம் எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் சீனிச்சாமி ஹாரன் அடிப்பார். இப்போது ராக்கையாவிடம் குடிக்கிறவர்கள் சீக்கிரமே முடித்துவிட்டு வண்டியில் ஏறி, "போகலாம்ணே, போகலாம்ணே" என்று நச்சரிக்கிறார்கள். அவரும் பீடியைப் பாதியில் போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிய கையோடு, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்திலேயே ஹாரனை அழுத்திவிடுகிறார். இந்தப் பக்கம் அப்போதுதான் கொதிக்கக் கொதிக்கக் கிளாசை வாங்கி ஊதிக்கொண்டிருப்பவன் என்ன செய்வான்? இரண்டு வாய் உறிஞ்சி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, மிச்சத்தை வைத்துவிட்டு ஓடுகிறான்.

மூன்றாம் நாள் காலை சுருளியம்மாளே இறங்கி வந்தாள். "நான் சொன்னா ஒங்களுக்குக் கோவம் வருது. நீங்களே போயி ராக்கையா டீயை ஒரு தடவை குடிச்சுப் பாருங்க. அப்புறம் நான் ஒண்ணும் பேசல."

வெள்ளைத்துரை எகிறிக் குதிப்பான் என்று நினைத்தாள். அவனுக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்திருக்க வேண்டும். பஸ்சு வந்து நின்றதும் பாய்லரை அவளிடம் விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டைக் கடந்தான். ஆறடி ஆள் துண்டைப் போட்டால் மறைந்துவிடுவானா?

"வாங்கண்ணே!" என்று ராக்கையா மெட்டே அதிரக் கத்தினான். "நம்ம கடைக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுச்சா? எல்லாரும் தள்ளுங்கப்பா, மாஸ்டர் வந்திருக்காக!"

சீனிச்சாமி பீடிப் புகை புரையேறி இருமினார். பஸ்சுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளைத்துரை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்தது வந்தாயிற்று என்று கிளாசை வாங்கிக் குடித்தான். பஸ்சு போன பிறகு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எப்பிடி இருந்துச்சு?"

"சுத்தக் கழனித் தண்ணி. பாலுல பாதி தண்ணி. தூளு நேத்துப் போட்டது."

"மிச்சம் வச்சீகளா?"

அவன் கீழே போடிப் பக்கம் பனி விலகிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிச்சு முடிச்சுட்டேன்," என்றான் கடைசியில். சொல்லும்போதே அவனுக்கே சிரிப்பு வந்தது. "கையில வாங்கின ஒடனே குடிக்கிற பதத்துல இருக்கு, சுருளி. பய பஸ்சு வர்றதுக்கு முன்னாலயே ஊத்தி வச்சுர்றான். கிளீனரா இருந்தவன்ல, வண்டி எப்ப வரும், எப்ப கெளம்பும்னு அவனுக்கு அத்துபடி."

அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முன்னாலேயே ஊற்றிவைத்தால் மெட்டுக் காற்றில் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். பின்னால் ஊற்றினால் வாய் வெந்துவிடும். எப்போது ஊற்றுவது? வளைவுக்கு வளைவு சீனிச்சாமி ஹாரன் அடித்துக்கொண்டுதான் ஏறுவார். கடைசிக்கு முந்தின வளைவில் அடிக்கிற ஹாரன் கடைக்குத் தெளிவாகக் கேட்கும். சுருளியம்மாள் மறுநாள் அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தாள். முந்நூறு எண்ணுவதற்குள் வண்டி கடைவாசலில் வந்து நின்றது.

"ஊத்துன டீ ஆறுறதுக்கு முந்நூறு சரியா இருக்கும்ல?"

வெள்ளைத்துரை ஒரு கிளாஸ் ஊற்றி வைத்து, அவளை எண்ணச் சொல்லிக் குடித்துப் பார்த்தான். "எரநூத்தி அம்பது போதும்" என்றான். தொழிலில் அவன் மாஸ்டர்தானே.

அதன் பிறகு அந்த வளைவில் ஹாரன் கேட்டதும் மெட்டில் ஒரு பரபரப்பு. கிளாஸ்கள் வரிசையாக ஏறும். வெள்ளைத்துரை ஆற்றி ஆற்றி ஊற்றுவான். பஸ்சு நிற்கும்போது டீ தயாராக இருக்கும். ஒரே வாரத்தில் கழனி வாளியில் டீ மிச்சம் ஆழாக்காகக் குறைந்தது. ராக்கையா பக்கம் போன பழைய ஆள்களில் ஐந்தாறு பேர் திரும்பி வந்தார்கள்.

இப்போது வெள்ளைத்துரைக்குக் கழனி வாளிமேல் அப்படி ஒரு பிரியம். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். "பாத்தீகளா மாப்ளே? ஒரு சொட்டு மிச்சமில்லை. நம்ம டீயை ஒருத்தன் வேண்டாம்னு வைக்கிறானா பாருங்க." சீனிச்சாமியையும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாப்ளே, நான் இன்னும் வடை திங்கல, விடு" என்றார்.

ஆனால் வந்த கூட்டம் அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஆள் கூடவில்லை. சுருளியம்மாளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. டீ மிஞ்சவில்லை, சரி. ஆனால் பஸ்சில் அத்தனை பேர் வருகிறார்களே, மற்றவர்கள் எங்கே? ஒரு நாள் அவள் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு பஸ்சு ஜன்னல்களைப் பார்த்தாள். உள்ளே இருபத்து மூன்று தலைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. மறுநாள் பத்தொன்பது. திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போகிற கூட்டத்தில் முப்பத்தொன்று. அத்தனையும் முக்காடு போட்ட தலைகள். ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகள்.

"மாமா, பாதி வண்டி எறங்குறதே இல்லை. அவுக நம்ம கடைக்கும் வரல, ராக்கையா கடைக்கும் போகல."

"பொம்பளைக டீ குடிக்க மாட்டாக."

"நான் குடிக்கல?"

"நீ கடைக்காரி. வாளியைப் பாரு, காலியா இருக்கு. அப்புறம் என்ன?"

"வராதவுக வாளியில எதை மிச்சம் வைப்பாக?" என்றாள் அவள். வெள்ளைத்துரை தோளைக் குலுக்கிவிட்டு வடைச் சட்டியைப் பார்க்கப் போனான்.

ஐப்பசியில் சுருளியம்மாளின் அக்கா பேத்திக்குப் போடியில் காதுகுத்து. சனிக்கிழமை ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போனாள். கடைக்கு வந்து போகிற ஜீப்புக்காரர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். ஆறு வருஷமாக அவள் போடிக்குப் போவதும் வருவதும் அப்படித்தான். திங்கட்கிழமை திரும்பும்போது ஜீப்பு ஒன்றும் அமையவில்லை. சீனிச்சாமியின் பஸ்சில் ஏறினாள்.

பின்பக்கம்தான் இடம் கிடைத்தது. வண்டி முழுக்கத் தோட்டத்துக்குப் போகிற பொம்பளைகள். வாரச் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் சாக்குப் பைகளில் கால்மாட்டில் கிடந்தன. அடிவாரத்து முந்தலைத் தாண்டி வண்டி வளைய ஆரம்பித்ததும் கருவாட்டு வாடையும் டீசல் புகையும் சேர்ந்து வயிற்றைப் பிசைந்தன. நாலாவது வளைவில் சுருளியம்மாளுக்குத் தலை சுற்றியது. ஏழாவது வளைவில் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த நடுவயதுப் பெண், பெரியம்மாள் என்று பெயர், அவளை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"மோந்துக்க தாயி. கண்ணை மூடிக்க. இன்னும் பத்து வளைவுதான்."

பத்து வளைவும் பத்து யுகம். கடைசியில் வண்டி நின்றது. சுருளியம்மாள் கண்ணைத் திறந்தாள். எதிரே அவளுடைய கடை. வாசலில் அவள் புருஷன் நின்று, "சூடா டீ, சூடா வடை!" என்று கூவிக்கொண்டிருந்தான். வடைச் சட்டியிலிருந்து எண்ணெய்ப் புகை காற்றில் நேராக பஸ்சுக்குள் வந்தது. அவளுக்கு மறுபடியும் குமட்டியது. வாய் கசந்தது. முந்தானை நனைந்திருந்தது. முகம் கழுவ ஒரு கை தண்ணீர் கிடைத்தால் போதும், டீயும் வேண்டாம், வடையும் வேண்டாம், அந்தக் குரல் கொஞ்சம் வாயை மூடினால் புண்ணியமாகப் போகும் என்றிருந்தது. கடை வாசலை அடைத்துக்கொண்டு ஆம்பளைகள் தோளோடு தோள் நின்றார்கள். நனைந்த சேலையோடு அவர்களுக்கு நடுவே நுழைந்து போக, சொந்தக் கடையாக இருந்தும், அவளுக்குக் கால் வரவில்லை.

பெரியம்மாளிடம் கேட்டாள். "எத்தனை வருஷமாக்கா இந்த வண்டியில வர்றீக?"

"ரோட்டுல பஸ்சு விட்ட நாள்லருந்து."

"ஒரு நாளும் எறங்கினதில்லையா?"

"எறங்கி எங்க நிக்க? ஆம்பளைக மத்தியில நின்னு வாயைக் கொப்புளிக்கவா? ஒதுங்குறதுக்கு ஒரு மறைப்பு இருக்கா? பொறுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா தோட்டத்துல போயி எறங்கிக்கிறலாம்." சொல்லிவிட்டுப் பெரியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "ஆமா, நீ இந்தக் கடைக்காரப் பொண்ணுல்ல? ஒன் கடையா இது? எறங்கு தாயி, எறங்கு. ஒனக்காச்சும் போக ஒரு எடம் இருக்கே."

சுருளியம்மாள் இறங்கினாள். முன் வாசல் பக்கம் போகாமல் கடையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், பசுவுக்கு வைத்திருந்த தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்சு கிளம்பிப் போன பிறகுதான் வெள்ளைத்துரை அவளைத் தேடி வந்தான். அவள் முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்துப் பதறிப் போனான்.

"ஏ சுருளி, என்னாச்சு? இரு, ஒரு டீ கொண்டாறேன்."

"அய்யோ, டீ பேச்சை எடுக்காதீக!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் டீயை அவள் வேண்டாம் என்றதில்லை. வெள்ளைத்துரை அப்படியே நின்றுவிட்டான். அவள் மூச்சு வாங்கி வாங்கி நடந்ததையெல்லாம் சொன்னாள். கருவாட்டு வாடை, வளைவு, எண்ணெய்ப் புகை, அவன் கூவின கூவல், எல்லாம்.

"நான் கத்துனது அம்புட்டு எரிச்சலாவா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"கல்லை எடுத்து எறியலாம்போல இருந்துச்சு."

மறுநாளே கடையின் பின்பக்கம் வேலை தொடங்கியது. வெள்ளைத்துரை மூங்கில் வெட்டி வந்து தட்டி கட்டினான். ரோட்டிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு, அதற்குள் இரண்டு மண்பானைத் தண்ணீர், நீளமாக ஒரு பலகை, தள்ளி ஒதுங்குவதற்குத் தனியாக ஒரு சின்ன அடைப்பு. முன் வாசல் கூட்டத்தில் நுழையாமல் வருவதற்குப் பக்கவாட்டில் ஒரு வழி. வடைச் சட்டியை, புகை பஸ்சுப் பக்கம் அடிக்காதபடி, கடையின் மறுகோடிக்கு மாற்றினான். சுருளியம்மாள் உப்பு நாரத்தங்காயைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்தாள். தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டாள்.

"இது எல்லாம் சும்மாவா குடுக்கப் போற?"

"சும்மாதான்."

"டீக்கடை நடத்துறோமா, தண்ணிப் பந்தல் நடத்துறோமா?"

"பாருங்களேன்."

முதல் நாள் ஒருத்தரும் வரவில்லை. தட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பஸ்சுக்குள் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் நாளும் அதே கதை. வெள்ளைத்துரை காலிப் பலகையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குச் சொல்லே தேவலை. அடுத்த திங்கட்கிழமை பஸ்சு வந்ததும் சுருளியம்மாள் ஒரு செம்பில் எலுமிச்சைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே வண்டிக்குள் ஏறினாள்.

"பெரியம்மாக்கா இருக்காகளா? இந்தாங்க, முதல்ல இதுல ஒரு வாய் குடிங்க. பின்னால தட்டி கட்டி வச்சிருக்கேன், ஆம்பளை ஒருத்தன் எட்டிப் பாக்க முடியாது. மொகத்தைக் கழுவிட்டு ஒரு நிமிசம் காலை நீட்டி ஒக்காருங்க. டீ குடிக்கச் சொல்லல."

பெரியம்மாள் யோசித்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்ததும் பக்கத்துச் சீட்டுப் பெண் எழுந்தாள். அப்புறம் அதற்குப் பின்னால் இருந்தவர்கள். ஒன்பது பேர் தட்டிக்குப் பின்னால் போனார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் சலசலப்பும், நாரத்தங்காய் கடிக்கிற சத்தமும், கொஞ்ச நேரத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. ஒரு பஸ்சுப் பொம்பளைகள் சிரித்து அந்த மெட்டு அதுவரை கேட்டதில்லை. சீனிச்சாமி ஹாரனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "இருய்யா, வர்றோம்! வண்டி ஆவி அடங்கினாப் போதுமா, எங்க வயிறு அடங்க வேணாமா?" என்று உள்ளேயிருந்து பெரியம்மாள் போட்ட சத்தத்தில் பிறகு அதைத் தொடவே இல்லை.

வயிறு தெளிந்ததும் குளிர் உறைக்கத்தானே செய்யும். அந்த வாரக் கடைசியில், தட்டிக்கு மேலாக ஒரு கை நீண்டது. "தாயி, அந்த டீ ஒண்ணு இங்கிட்டு கொண்டா, பாப்போம்." வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருநூற்றைம்பது எண்ணி ஆறிய கிளாஸ்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து, தட்டி ஓரமாக நின்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினான். இரண்டு டீ, நாலு டீ, எட்டு டீ. பொம்பளைகள் இந்தப் பக்கம் வந்ததும் அவர்களோடு வந்த அண்ணன், தம்பி, புருஷன்மார்களும் எதிர்க் கடையை விட்டு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கார்த்திகை முதல் வாரத்தில் சீனிச்சாமி வண்டியின் படி சுருளியம்மாள் கடைக்கு நேராக வரும்படி நிறுத்த ஆரம்பித்தார். "என்னண்ணே, கட்சி மாறிட்டீகளா?" என்று ராக்கையா கேட்டதற்கு, "பின்சீட்டுல உக்காந்திருக்கிற முப்பது ஆத்தாமார்ட்ட போயிக் கேளுப்பா, எனக்கு வம்பு வேணாம்" என்றார்.

ஒரு நாள் மத்தியானம் ராக்கையாவே ரோட்டைக் கடந்து வந்தான். அவன் வாயில் வழக்கமான பாட்டு இல்லை.

"மதினி, அப்பிடி என்னதான் வச்சிருக்கீக உள்ள? என் கடையில ஈ ஓட்டுறேன்."

வெள்ளைத்துரை, "சொல்லாத" என்று கண்ணைக் காட்டினான். சுருளியம்மாள் ராக்கையாவைக் கூட்டிப்போய்த் தட்டிக்குள் எல்லாவற்றையும் காட்டினாள். பானை, பலகை, நாரத்தங்காய்.

"இம்புட்டுதானா?" என்றான் அவன்.

"இம்புட்டுதான். பஸ்சுலயே வேலை பாத்தவன்ல நீ. ஒனக்குத் தெரியாம போச்சா?"

ராக்கையா தலையைச் சொறிந்தான். "கிளீனருக்குப் படியில நின்னே பழக்கம் மதினி. காத்து மொகத்துல அடிச்சுக்கிட்டே இருக்கும். உள்ள ஒக்காந்திருக்கிறவுக பாடு எங்களுக்கு எங்க தெரியும்?"

பத்து நாளில் அவனும் ஒரு மறைப்புக் கட்டினான், தகரத்தில். வெள்ளைத்துரைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டுக்குள்ள விட்டு வித்தையைக் காட்டிக் குடுத்தியே! இனிமே பழையபடி பாதிக்குப் பாதிதான்" என்று புலம்பினான். சுருளியம்மாளுக்கும் உள்ளூரப் பயம்தான். அன்றிலிருந்து ஒரு வாரம் தினமும் எண்ணினாள். எதிர்க் கடையில் எத்தனை பேர், தன் கடையில் எத்தனை பேர், ஜன்னலில் எத்தனை தலை என்று. எதிர்க் கடைக்குப் போனவர்கள் கூடியிருந்தார்கள், உண்மைதான். தன் கடையில் குறையவில்லை. ஜன்னல்களில் இரண்டு தலை, மூன்று தலை. ஒரு நாள் ஒரே ஒரு தலைதான் இருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்தது.

"நாமளும் ராக்கையாவும் அடிச்சுக்கிட்டது எறங்கி வந்த ஆளுகளுக்கு மாமா," என்றாள் புருஷனிடம். "எறங்காம இருந்ததுதான் பெரிய கூட்டம். அதுல ரெண்டு கடைக்கும் பங்கு இருக்கு."

வெள்ளைத்துரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மறுபடி ஒரு தடவை எண்ணினான். "சரிதான்போல" என்றான்.

இப்போது அவன் யாரிடமும் "டீ எப்பிடி?" என்று கேட்பதில்லை. கிளாசைக் கொடுக்கும்போது, "சூடு போதுமாண்ணே, இன்னும் ஆத்தணுமா?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு மட்டும் ஆள்கள் உண்மையைச் சொல்கிறார்கள்.

மார்கழி வந்தது. மெட்டில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை தட்டிக்குள்ளிருந்து பெரியம்மாள் வெளியே வந்தாள். ஈர முகத்தோடு, பல் கிட்டித்துக்கொண்டு, முன் வாசலுக்கே வந்து ஆம்பளைகளைத் தோளால் தள்ளிக்கொண்டு வெள்ளைத்துரை எதிரில் நின்றாள்.

"என்னப்பா மாஸ்டரு! தண்ணியா அது? ஐசுக்கட்டி! மொகத்துல ஊத்துனா மூச்சு நின்னு போகுது. வெந்நி போட்டு வைக்கக் கூடாதா? சும்மா பேருக்கு ஒரு பானையை வச்சுட்டா ஆச்சா?"

கடையே திரும்பிப் பார்த்தது. சுருளியம்மாள் கிளாசும் கையுமாக நின்றுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளைத்துரை பாய்லரை அணைத்துவிட்டுப் போயிருப்பான். இப்போது அவன் முகம் என்னவோ பரிசு வாங்கியவன் மாதிரி மலர்ந்தது.

"ஏ சுருளி," என்றான். "அந்தப் பெரிய அண்டாவை வெரசா எறக்கு. அக்கா சொல்றாக."

பெரியம்மாள், "நாளைக்குள்ள போட்டிருக்கணும், ஆமா" என்று அதட்டிவிட்டு டீயை வாங்கிக்கொண்டாள். பஸ்சு ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை.